பழைய ஜான்சன் 10 குதிரைத்திறன் அவுட்போர்டு: சூடானதும் ஒரு சிலிண்டர் விழுந்துவிடுகிறது

துடுப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். படகின் பின்னால் மாட்டும் இன்ஜின், 1957 ஜான்சன் கியூடி-18. இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். இரட்டைக் குழாய் போகும் பழைய பிரஷர் டேங்க்தான் இன்னும் இருக்கிறது, பம்ப்புக்கு மாற்றவில்லை.

குளிர்ந்திருக்கும்போது சோக் இழுத்து இரண்டு மூன்று இழுப்பில் பிடித்துக்கொள்கிறது. கால் மணி நேரம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. அதன் பிறகு சட்டென்று வேகம் குறைந்து, உடம்பு முழுக்க அதிர ஆரம்பிக்கிறது. சத்தத்தை வைத்துப் பார்த்தால் ஒரே சிலிண்டரில் ஓடுவது போல இருக்கிறது. மெதுவாக வைத்தால் நின்றுவிடும். நின்றதும் உடனே எடுக்காது, அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஒன்றும் நடக்காதது போல எடுக்கும்.

கம்ப்ரஷன் மேலே 72 பிஎஸ்ஐ, கீழே 70. பிளக் இரண்டும் புதுசு, சாம்பியன் ஜே6சி. கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. பெட்ரோல்-ஆயில் கலவை இப்போது 24-க்கு 1. தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் எப்போது மாற்றியது என்று தெரியாது, கியர் ஆயிலும் பார்க்கவில்லை.

பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலா, பெட்ரோலா, தண்ணீர் ஏறாமல் சூடாகிறதா? எதில் ஆரம்பிப்பது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பழையஇரும்பு எழுதியது:

தம்பி, கம்ப்ரஷன் நல்லா இருக்கு. அந்தக் காலத்து 10-க்கு 70 சுமாரா வந்தாலே போதும், அதைவிட இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லாததுதான் முக்கியம். அதனால் இன்ஜினைப் பிரிக்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுடுங்க.

பாகம் வாங்குவதற்கு முன்னாடி, அது விழும் அந்த நிமிஷத்திலேயே கண்டுபிடிக்கணும். ஆறின பிறகு சோதிச்சா எல்லாமே சரியாத்தான் காட்டும். அடுத்த தடவை ஓட்டும்போது ஸ்பார்க் டெஸ்டர், பிளக் ஸ்பேனர், கந்தல் துணி மூன்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வச்சுக்கங்க. விழுந்ததும் இதே வரிசையில் பாருங்க.

முதலில், இன்ஜின் நிற்பதற்கு முன் டேங்க்கின் பிரைமர் பட்டனை நாலைந்து தடவை அமுக்குங்க. வேகம் ஏறினால் பெட்ரோல் பற்றலை. எந்த மாற்றமும் இல்லைன்னா பெட்ரோல் பக்கம் குறை இருக்க வாய்ப்பு குறைவு.

நின்றதும் கயிற்றை மெதுவா இழுங்க. குளிர்ந்தப்ப இருந்த அதே இழுவையா, இல்லை கனமா இருக்கா? கனமா இருந்தால் பிஸ்டன் சூட்டில் விரிந்து பிடிக்குது. அப்போ உடனே ஓட்டத்தை நிறுத்திட்டுத் தண்ணீர் பக்கம் போகணும். அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் சிலிண்டரில் கீறல் விழும்.

இழுவை லேசா இருந்தால் இரண்டு பிளக்கையும் கழற்றி முனையைப் பாருங்க. ஒன்று பெட்ரோலில் நனைந்து, இன்னொன்று பழுப்பா காய்ந்திருந்தால், நனைந்த சிலிண்டரில் கரண்ட் வரலைன்னு வச்சுக்கலாம். இரண்டும் காய்ந்திருந்தால் பெட்ரோல்.

இதுக்குப் பின்னாடி ஒரு காரணம் இருக்கு. இந்த இன்ஜினில் இரண்டு சிலிண்டருக்கும் கார்புரேட்டர் ஒன்றுதான். பெட்ரோல் குறைஞ்சா இரண்டும் சேர்ந்துதான் விழும். ஆனால் இக்னிஷன் அப்படி இல்லை. ஃப்ளைவீலுக்குக் கீழே இருக்கும் மேக்னெட்டோவில் (பேட்டரி இல்லாமல் காந்தத்தால் கரண்ட் உண்டாக்கும் அமைப்பு) சிலிண்டருக்கு ஒரு காயில், கரண்ட்டை வெட்டிச் சேர்க்கும் ஒரு பாயிண்ட், அந்தப் பாயிண்ட் கருகாமல் காக்கும் ஒரு கண்டன்சர்னு தனித்தனியா இருக்கு. ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். ஒரு சிலிண்டர் மட்டும், அதுவும் சூட்டில் மட்டும் விழுதுன்னா என் கை முதலில் காயிலுக்குத்தான் போகும், அடுத்து கண்டன்சர். அந்தக் காலத்து ஓஎம்சி (ஜான்சனைத் தயாரித்த கம்பெனி) காயில்களின் மேல்பூச்சு வருஷம் போகப் போக வெடிக்கும். வெடிப்பில் ஈரம் இறங்கும். சூடாகும்போது உள்ளே இன்சுலேஷன் விட்டுப் போய், பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் பக்கத்து இரும்பில் இறங்கிடும். ஆறினால் மறுபடி வேலை செய்யும்.

மல்டிமீட்டரை நம்பாதீங்க. அது சில வோல்ட்டில்தான் அளக்குது, காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்யுது. மீட்டரில் சரியா காட்டும் காயில் ஓட்டத்தில் கசியும். இடைவெளியில் குதிக்க வைப்பதுதான் சோதனை: டெஸ்டரில் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. வச்சு, கயிற்றை இழுக்கும்போது நீலமா, 'டக்'குன்னு சத்தத்தோடு குதிக்கணும். மஞ்சளா, மெல்லிசா வந்தாலோ 3 மி.மீ.க்கு மேல் குதிக்கலைன்னாலோ அந்தப் பக்கம் பலவீனம்.

இரண்டு எச்சரிக்கை. சோதிக்கும்போது பிளக் வயரை அந்தரத்தில் விடாதீங்க. போக வழி இல்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயே துளை போடும். டெஸ்டரில் மாட்டுங்க, இல்லைன்னா பிளக்கோடு சேர்த்து இன்ஜின் உடம்பில் எர்த் பண்ணுங்க. பிளக் ஓட்டை வழியா பெட்ரோல் ஆவி வெளியே வரும், டெஸ்டரை அதுக்குப் பக்கத்தில் வைக்காதீங்க.

---

நங்கூரம் எழுதியது:

மேலே சொன்ன வரிசையை வழிமொழிகிறேன். இக்னிஷன்தான் முதல் சந்தேகம். ஆனாலும் பிரஷர் டேங்க்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இதைத் தெரியாமல் பலர் கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றுகிறார்கள்.

இந்த அமைப்பில் பெட்ரோல் பம்ப் கிடையாது. கிராங்க் கேஸின் அழுத்தம் ஒரு குழாய் வழியாக டேங்க்குக்குள் போகிறது, அந்த அழுத்தம் பெட்ரோலை இன்னொரு குழாய் வழியாகத் தள்ளுகிறது. டேங்க்கில் நிற்பது சில பிஎஸ்ஐதான். ஆகவே மிகச் சிறிய கசிவுகூட இன்ஜினைப் பட்டினி போட்டுவிடும். கசியும் இடங்கள் எப்போதும் இவைதான்: மூடியின் ரப்பர் பேக்கிங், டேங்க்கின் மேல்தட்டுக்கு அடியிலுள்ள பேக்கிங், பிரைமரின் டயஃப்ரம், இன்ஜின் பக்கக் கனெக்டரில் உள்ள ஓ-ரிங்குகள், ஒட்டி வரும் இரட்டைக் குழாய். குழாயை வளைத்துப் பாருங்கள். கனெக்டருக்கு அருகில்தான் முதலில் வெடிக்கும்.

சோதனை எளிது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். மூடியை மெல்லத் திருகினால் 'புஸ்'ஸென்று காற்று வெளியேற வேண்டும். வராவிட்டால் சோப்பு நீரைத் தடவி, மறுபடி ஓட்டி, எங்கே குமிழ் வருகிறது என்று பாருங்கள். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் என்பதால் வெடித்த குழாயோடு ஒருநாளும் ஓட்டாதீர்கள். குழாய் பிய்ந்தால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். இரவு சும்மா நிற்கும்போதும் மூடியைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுவது நல்லது.

பம்ப்புக்கு மாற்றும் எண்ணம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். டயஃப்ரம் பம்ப்புக்கு கிராங்க் கேஸின் தள்ளலும் வேண்டும், இழுப்பும் வேண்டும். இப்போதைய காற்றுக் குழாயின் வழியில் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன, அவை தள்ளலை மட்டும் விடும். அவற்றை எடுக்காமல் பம்ப்பை மாட்டினால் பம்ப் அசையாது.

---

அலைமேடு எழுதியது:

இன்றைய டூ ஸ்ட்ரோக் ஆயில் தரமானது, 24-க்கு 1 எல்லாம் தேவையில்லை, 50-க்கு 1 போட்டாலே போதும். ஆயில் கூடியதால் பிளக் நனைந்து ஒரு சிலிண்டர் விழலாம். அதை முதலில் மாற்றிப் பாருங்கள். கூலிங்கைச் சோதிக்க, தண்ணீர்க் குழாயில் மாட்டும் ரப்பர் மஃப் வாங்கிக் கரையிலேயே ஓட்டலாம்.

---

பழையஇரும்பு எழுதியது:

அலைமேடு சார், மன்னிக்கணும், இந்த இரண்டும் இந்த இன்ஜினுக்குப் பொருந்தாது. தம்பி இதைப் பார்த்து மாற்றிடக்கூடாது, அதனால் விளக்கமா எழுதறேன்.

ஓஎம்சி 50-க்கு 1 கொண்டுவந்தது 1964 மாடல்களில். அதுக்கு முந்தைய இன்ஜின்களில் பல இடங்களில் நீடில் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ் இருக்கு. புஷ்ஷுக்கு ஆயில் படலம் கனமா வேணும். ஆயிலின் தரம் கூடியிருக்கறது நிஜம்தான். ஆனால் தரம் எவ்வளவு கூடினாலும் அளவு பாதியானால் புஷ்ஷில் நிற்கும் படலமும் மெலியும். அதனால் 1964-க்கு முந்தையதுக்கு டிசி-டபிள்யூ3 (படகு டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான தர முத்திரை) ஆயிலில் 24-க்கு 1 தான். பத்து லிட்டர் பெட்ரோலுக்கு 420 மில்லி. 50-க்கு 1-ன்னா அதே பத்து லிட்டருக்கு 200 மில்லிதான் போகும், பாதிகூட இல்லை. அதைவிடப் பழைய, முழுக்கப் புஷ்ஷிலேயே ஓடும் இன்ஜின்களுக்கு 16-க்கு 1, அதாவது பத்து லிட்டருக்கு 625 மில்லி.

24-க்கு 1-இல் பிளக் நனையுதுன்னா அது ஆயிலின் குற்றம் இல்லை. கரண்ட் பலவீனமா இருக்கணும், இல்லை கார்புரேட்டரில் மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் அளவு வைக்கும் நீடில் அதிகமா திறந்திருக்கணும். நல்ல கரண்ட் இருந்தால் இந்தக் கலவையைச் சுலபமா எரிக்கும்.

மஃப் விஷயம்: இந்த மாடல்களில் தண்ணீர் உறிஞ்சும் வாய் மஃப் கவ்வும் இடத்தில் இல்லை, பின்பக்கம் விசிறிக்கு (புரொப்பல்லர்) மேலே இருக்கு. மஃப் மாட்டினால் தண்ணீர் போகுதுன்னு நினைச்சுக்கிட்டே இம்பெல்லரைத் தண்ணீரில்லாமல் ஓட்டுவீங்க. ஈரம் இல்லாத ரப்பர் சில நொடியிலேயே தேய ஆரம்பிக்கும். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, விசிறிக்கு மேலே படுக்கையா இருக்கும் கேவிடேஷன் தட்டு நல்லா மூழ்கும் அளவுக்கு இறக்கி ஓட்டுங்க.

---

துடுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசைப்படியே டிரம்மில் வைத்துப் பார்த்ததில்:

பிரைமர் அமுக்கியதில் மாற்றம் இல்லை. மூடி திறந்தபோது நன்றாகக் காற்று வெளியேறியது. கயிற்றின் இழுவை லேசு. பின்பக்கத் துளைகளில் தண்ணீரும் புகையும் சேர்ந்து வருகிறது. மேல் பிளக் பழுப்பு, கீழ் பிளக் நனைந்து கறுப்பாக இருந்தது. டெஸ்டரில் மேலே 6 மி.மீ. நீலமாகக் குதிக்கிறது. கீழே 3 மி.மீ.க்கே மஞ்சளாக, விட்டு விட்டு வருகிறது. ஆறிய பின் கீழேயும் 5 மி.மீ. வரை வந்துவிட்டது.

ஃப்ளைவீலின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்ததில் ஒரு காயிலின் மேல் முடி போன்ற வெடிப்பு தெரிகிறது. ஆக, காயில்தான். இரண்டையும் மாற்றணுமா, ஒன்று போதுமா? ஃப்ளைவீலை எப்படிக் கழற்றுவது? பாயிண்டும் அதோடு மாற்றலாமா?

இன்னொன்று: கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன், பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறது.

---

பழையஇரும்பு எழுதியது:

தெளிவான சோதனை தம்பி. இரண்டு காயிலையும் மாற்றிடுங்க. இரண்டும் ஒரே வயசு, ஒரே சூட்டைத் தின்றவை. ஃப்ளைவீலை இரண்டாவது தடவை கழற்றும் வேலை மிச்சம். கூடவே இரண்டு பாயிண்ட், இரண்டு கண்டன்சர், இரண்டு பிளக் வயர். காயிலை மட்டும் மாற்றி, கெட்ட கண்டன்சரை விட்டுவச்சால் புது பாயிண்ட் முனை சீக்கிரமே கருகிடும். கண்டன்சரை அளக்க முடிஞ்சால் 0.18 முதல் 0.22 மைக்ரோஃபாரட்டுக்குள் இருக்கணும்.

ஃப்ளைவீல்: மேலே இருக்கும் ஸ்டார்ட்டர் கயிற்றுப் பெட்டியைக் கழற்றுங்க. பட்டை ரென்ச்சில் ஃப்ளைவீலைப் பிடிச்சுக்கிட்டு நட்டைத் தளர்த்துங்க. பிளக் ஓட்டை வழியா கயிறு திணிச்சுப் பிஸ்டனை நிறுத்தும் வழியை டூ ஸ்ட்ரோக்கில் செய்யாதீங்க, கயிறு சிலிண்டர் சுவரில் இருக்கும் போர்ட் துளையில் மாட்டி வெட்டுப்படும். நட்டை முழுசா எடுக்காமல் கிராங்க் முனையோடு சமமா நிற்கிற அளவுக்கு விட்டு வையுங்க, மரையைக் காப்பாத்தும்.

ஃப்ளைவீலின் நடுவில் மூன்று மரையிட்ட துளைகள் இருக்கும். அந்த மூன்றிலும் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் வேணும். ஓரத்தைக் கவ்வி இழுக்கும் கால் புல்லர் போட்டால் விளிம்பு வளைஞ்சிடும், பிறகு காந்தம் காயிலில் உரசும். நடு போல்ட்டை நல்லா இறுக்கி, அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்க. 'டங்'குன்னு விடும். விடலைன்னா கொஞ்சம் கூட இறுக்கி மறுபடி தட்டுங்க. சுத்தியலை நேரா கிராங்க் முனையில் வைக்கவே கூடாது.

எடுத்ததும் சின்ன உலோகக் கீ விழாமல் எடுத்து வையுங்க. அதன் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் டைமிங் நகர்ந்திருக்கும், புதுசு போடுங்க.

அடியில் பாயிண்ட்டைத் திறக்கும் கேம் இருக்கும். அதைக் கழற்றினால் 'டாப்' என்று எழுதிய பக்கம் மேலே வரணும். தலைகீழா மாட்டினால் கரண்ட் தப்பான நேரத்தில் வரும். கேமை உரசும் எண்ணெய்த் திரி இருந்தால் அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. காய்ந்த கேம் பாயிண்ட்டின் உரசும் கட்டையைத் தின்றுடும், இடைவெளி தானா குறையும்.

காயில் மாட்டும்போது நிறைய பேர் கவனிக்காத இடம்: தட்டில் காயில் உட்காரும் மேடுகள் கடைசல் பண்ணி விட்டிருப்பாங்க. காயிலின் இரும்புத் தகடுகளோட வெளிமுனை அந்த மேடுகளோட விளிம்புக்குச் சமமா வரணும். விரலால் தடவினால் படி தெரியக்கூடாது. வெளியே நீட்டினால் ஃப்ளைவீல் காந்தம் உரசும், உள்ளே போனால் கரண்ட் பலவீனமாகும். திருகுகளை இறுக்கும்போது காயில் நகரும், இறுக்கின பிறகு மறுபடி தடவிப் பாருங்க.

பிளக் வயர் 7 மி.மீ. செம்புக் கம்பி உள்ளதா இருக்கணும். இன்றைய கார்களில் வரும் கார்பன் வயர் வேண்டாம். காயிலின் துளைக்குள் ஒரு கூர்முனை இருக்கும், வயரின் கம்பி நடுவில் அது குத்தும்படி திருகித் தள்ளுங்க. வாயில் கொஞ்சம் சிலிக்கான் வச்சு அடைச்சால் ஈரம் இறங்காது. த்ராட்டில் திருப்பும்போது இந்தத் தட்டு முழுக்கத் திரும்பும். அதனால் வயரில் தளர்ச்சி விட்டு, மெதுவிலிருந்து முழுவேகம் வரை கையால் திருப்பி, எங்கேயும் இழுபடாமல், ஃப்ளைவீலில் படாமல் இருக்கான்னு பாருங்க. வயர்கள் வெடிக்கறது பெரும்பாலும் தட்டுக்கு அடியில், மடங்கும் இடத்தில்தான்.

பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ. நட்டைத் தற்காலிகமா போட்டு, கிராங்க்கை வலஞ்சுழியா திருப்பி, உரசும் கட்டை கேமின் உச்சத்தில் வரும்போது அளக்கணும். ஃபீலர் கேஜில் 0.018 சுலபமா போகணும், 0.020 லேசா இழுக்கணும், 0.022 போகக்கூடாது. திருகை இறுக்கினதும் திரும்ப அளங்க, இறுக்கும்போது கட்டாயம் கொஞ்சம் மாறும். புது பாயிண்ட் முனையில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி வரும். ஆல்கஹாலில் நனைத்த கெட்டி அட்டையை முனைகளுக்கு நடுவில் விட்டு இழுங்க, அட்டை சுத்தமா வரும் வரை. புது பாயிண்ட் போட்டும் கரண்ட் வரலைன்னு புலம்பும் பல கேள்விகளுக்கு இந்த எண்ணெய்ப் படலம்தான் பதில்.

திரும்ப மாட்டும்போது கிராங்க்கின் சாய்வும் ஃப்ளைவீலின் உள்பக்கமும் எண்ணெய் பிசுக்கு இல்லாமல் காய்ந்திருக்கணும். பிடிப்பு அந்தச் சாய்வில்தான். கீ வெறும் இடம் காட்டத்தான், பாரத்தை அது தாங்காது. நட்டு சுமார் 40 முதல் 45 அடி-பவுண்டு, அதாவது 54 முதல் 61 நியூட்டன் மீட்டர். உங்க மாடல் கையேட்டில் எண்ணை ஒரு தடவை சரிபார்த்துக்கங்க. தளர்வா விட்டால் கீ வெட்டுப்படும்.

பிளக் இடைவெளி 0.030 அங்குலம். மாட்டும் முன் இரண்டு பக்கமும் டெஸ்டரில் 6 மி.மீ. பார்த்துடுங்க.

---

நங்கூரம் எழுதியது:

கியர் ஆயிலைப் பற்றி. பால் நிறம் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், காயில் வேலையோடு சேர்த்தே முடியுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் கியர் பற்களிலும் பேரிங்கிலும் துருவேற்றும், அந்தக் காலத்துக் கியர்கள் இப்போது கிடைப்பது கடினம்.

ஆயிலை இறக்கும்போது ஓர் ஆபத்து உண்டு. இந்தக் குடும்பத்துப் பல கியர் கேஸ்களில், ஆயில் திருகுக்கு அருகிலேயே நட்சத்திரத் தலையுள்ள இன்னொரு திருகு இருக்கும். அது ஆயில் திருகு அல்ல, உள்ளே கியர் மாற்றும் தொட்டிலைத் தாங்கும் அச்சு. அதைக் கழற்றினால் தொட்டில் நழுவிவிடும், பிறகு கியர் கேஸை முழுவதும் பிரிக்காமல் சரி செய்ய முடியாது. பட்டைத் திருப்புளி போடும் அகலமான திருகுகள் மட்டுமே உங்களுக்கு வேண்டியவை, கீழே ஒன்று, மேலே ஒன்று.

தண்ணீர் வரும் வழிகளை மலிவானதிலிருந்து பாருங்கள். அந்த இரண்டு திருகுகளின் வாஷர்கள்தான் முதல் சந்தேகம், ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். அடுத்து விசிறித் தண்டின் சீல். விசிறியைக் கழற்றி, பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். நைலான் நரம்பு சீலின் உதட்டை அறுத்துவிடும். பிறகு கியர் கம்பியின் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல், இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஓடும் ரப்பர் நூல். எது என்று தெரியாவிட்டால் ஆயிலை முழுவதும் வடித்து, மேல் துளை வழியாக 5 பிஎஸ்ஐக்கு மிகாமல் காற்று கொடுத்து, தண்ணீரில் மூழ்க வைத்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும்.

நிரப்புவது எப்போதும் கீழ்த் துளையிலிருந்துதான். மேல் துளையில் குமிழ் இல்லாமல் ஆயில் வழியும் வரை தள்ளுங்கள். முதலில் மேல் திருகை மூடுங்கள். அது மூடியிருந்தால் கீழே குழாயை எடுக்கும்போது சில சொட்டுக்கு மேல் வெளியேறாது. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டு, பாதி நிரம்பியதே நிறைந்தது போலத் தெரியும்.

இன்ஜினின் கீழ்ப்பகுதியை (கியர் கேஸை) இறக்கும்போதே இம்பெல்லரையும் மாற்றிவிடுங்கள். இப்போது தண்ணீர் வருகிறது என்றாலும், வயது தெரியாத ரப்பரை நம்ப முடியாது. இறக்குவதற்கு முன் கியர் கம்பியின் இணைப்பைக் கழற்ற வேண்டும், அதை விட்டுவிட்டு இழுத்தால் கம்பி வளையும். போல்ட்டுகள் அலுமினியத்தில் உப்புப் பூத்துப் பிடித்திருக்கும். சாவியில் பலம் கொடுத்தால் தலை முறிந்துவிடும். போல்ட்டைச் சுற்றிய அலுமினியத்தைச் சூடாக்கி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, இறுக்கும் பக்கம் கொஞ்சம், தளர்த்தும் பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறித் திருப்புங்கள். சூடாக்கும் முன் டேங்க்கையும் குழாயையும் தூர வைத்து, கார்புரேட்டர் பெட்ரோலை வடித்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது மரையில் ஆன்ட்டி சீஸ் தடவினால் அடுத்தவருக்கு இந்தப் பாடு இருக்காது.

புது இம்பெல்லரை உள்ளே தள்ளும்போது கொஞ்சம் சோப்பு நீர் தடவி, ஷாஃப்ட்டை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே இறக்குங்கள். இதழ்கள் சரியான பக்கம் மடியும். பம்ப் கூட்டின் உள்சுவரில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் கூட்டையும் மாற்ற வேண்டும். மேலே போகும் தண்ணீர்க் குழாயின் ரப்பர் வளையம் கடினமாகியிருந்தால் அதுவும். டிரைவ் ஷாஃப்ட்டின் பக்கவாட்டுப் பற்களில் கிரீஸ் தடவலாம், தலை முனையில் தடவக்கூடாது. அங்கே கிரீஸ் அடைபட்டால் ஷாஃப்ட் முழுவதும் ஏறாது, போல்ட்டை இறுக்கும்போது கிராங்க்கை மேலே தள்ளும்.

விசிறியின் ஷியர் பின்னும் பாருங்கள். அந்த இடத்தில் ஆணி போட்டிருந்தால் உடனே எடுத்துவிட்டு, அந்த மாடலுக்கு உரிய பின்னைப் போடுங்கள். பாறையில் அடித்தால் முறிய வேண்டியது அந்தப் பின். ஆணி முறியாது, கியர்தான் முறியும்.

---

அலைமேடு எழுதியது:

கலவை, மஃப் இரண்டிலும் விளக்கத்துக்கு நன்றி. ஒரு சந்தேகம்: காயில் மாற்றிய பிறகு கார்புரேட்டர் நீடில்களைத் தொடாமல் விடலாமா?

---

பழையஇரும்பு எழுதியது:

விடக்கூடாது சார். பலவீனமான கரண்ட்டுக்குப் பொருந்தற மாதிரி யாரோ திருப்பி வச்சிருப்பாங்க, அந்த அளவு இப்போ ஒத்துவராது.

இரண்டு நீடிலையும் மெதுவா உள்ளே திருப்பி, தொட்டதும் நிறுத்துங்க. அழுத்தினால் நீடில் முனையில் பள்ளம் விழுந்து, பிறகு எந்த அளவிலும் நிற்காது. அங்கேயிருந்து முழுவேக நீடிலை முக்கால் முதல் ஒரு சுற்று, மெதுவோட்ட நீடிலை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பிங்க.

முழுவேகத்தை டிரம்மில் செட் செய்ய முடியாது. படகில், கியரில், பாரத்தோடு ஓடும்போதுதான் செய்யணும். நல்லா சூடான பிறகு முழு த்ராட்டிலில் முழுவேக நீடிலை எட்டில் ஒரு சுற்றா உள்ளே திருப்பி, ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நொடி பொறுங்க. மாற்றம் தெரிய அவ்வளவு நேரம் ஆகும். வேகம் தளர்ந்தாலோ கார்புரேட்டர் வழியா தும்மினாலோ பெட்ரோல் குறைஞ்சாச்சு. அங்கேயிருந்து கால் சுற்று வெளியே எடுங்க. பிறகு கியரிலேயே மெதுவாக்கி, மெதுவோட்ட நீடிலுக்கும் இதே முறை. சந்தேகம் வந்தால் கொஞ்சம் அதிகப் பெட்ரோல் பக்கமே விடுங்க. இந்த இன்ஜினுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் போகுது, பெட்ரோல் குறைஞ்சால் ஆயிலும் குறையும்.

நீடில் எங்கே வச்சாலும் தும்மல் நிற்கலைன்னா, இல்லை கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் துளி வெளியே தெறிச்சால், லீஃப் வால்வின் (கலவையை கிராங்க் கேஸுக்குள் விட்டு, திரும்ப வராமல் தடுக்கும் வால்வு) இதழ் ஒன்று உடைஞ்சிருக்கும் அல்லது சரியா மூடலை. வழிஞ்சுக்கிட்டே இருந்தால் ஃப்ளோட்டைப் பாருங்க. பழைய கார்க் ஃப்ளோட்டின் பூச்சை எத்தனால் கலந்த பெட்ரோல் கரைச்சிடும், கார்க் நனைஞ்சு கனமாகி மூழ்கும். புது ஃப்ளோட் போட்டு, மூடியைத் தலைகீழா பிடிக்கும்போது ஃப்ளோட் பேக்கிங் பரப்புக்கு இணையா நிற்கும்படி செட் செய்யுங்க.

தம்பி, எல்லாம் பூட்டினதும் கால் மணி நேரத்தோடு நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பாரத்தில் ஓட்டி, முழுவேகத்திலிருந்தே நிறுத்தி, உடனே இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்க. இரண்டும் ஒரே பழுப்பில் இருந்தால் காயில் வேலை சரி. கீழ்ப் பிளக் மட்டும் மறுபடி கறுத்தால் கண்டன்சர் திருகின் எர்த்தையும், கீழ்ப் பாயிண்ட் இடைவெளியையும் இன்னொரு தடவை பாருங்க. அப்புறமும் கறுத்தால் இரண்டு காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்க. கோளாறு மேலே போனால் புதுசா வந்த காயில்தான் கெட்டது. கீழேயே நின்றால் அந்தப் பக்கத்துக் கண்டன்சரும் பாயிண்ட்டும்தான்.